அம்மா போனை விட்டுப் போகாத மாப்பிள்ளை

வெப்சைட் எழுதுறவன யாரும் திட்ட மாட்டாங்க, அத செர்வர்ல ஏத்துறவனத்தான் திட்டுவாங்க. நான் ரெண்டும் செய்றவன். உங்கள்ல பல பேருக்கும் இதே தலையெழுத்துதான்னு எனக்குத் தெரியும்.

கலரக் காணோம்

புக்கிட் செந்தோசாவுல கல்யாண மணவறை அலங்காரம் செய்ற லெட்சுமி அக்காதான் நான் சொந்தமா பிடிச்ச முதல் கஸ்டமர். அவங்க வெப்சைட் என் லேப்டாப்புல இருந்த வரைக்கும் படம், கலர் எல்லாத்தையும் வெப்சைட் கட்டுற ஜாங்கோவே எடுத்துக் கொடுத்துச்சு. செர்வர்ல ஏத்தி, தப்பக் கண்டுபிடிக்கிற டீபக்க நிறுத்தினேன், அவ்வளவுதான், வெள்ளைப் பக்கத்துல வெறும் கறுப்பு எழுத்து! கலெக்ட்ஸ்டேட்டிக்ங்கிற கட்டளைய ஓட்டி படம், கலர் எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல சேர்க்க மறந்துட்டேன். நீங்களும் மறந்திருப்பீங்க, மறைக்காதீங்க. அக்கா போன்ல பார்த்துட்டுச் சொன்னாங்க:

"தம்பி, மணவறை கட்டச் சொன்னா வெறும் மேடையக் காட்டுறியே லா!"

பூட்டின ஃபோல்டர்

சேர்த்தாச்சு. அப்பவும் படம் வரல. செர்வர்ல படத்த எடுத்துக் கொடுக்கிறது என்ஜின்எக்ஸ்ங்கிற புரோகிராம். அத வாய்க்கு வந்தபடி ஏசினேன். பார்த்தா, ஃபோல்டருக்குள்ள போக அதுக்கு நான் அனுமதியே கொடுக்கல. திறந்து விட்டதும் மளமளன்னு படம் வந்துச்சு. விஷயத்தச் சொன்னேன், அக்கா சிரிச்சாங்க:

"மண்டபத்துச் சாவிய நீயே வச்சிக்கிட்டு லோரிக்காரன ஏசுனா எப்படி தம்பி?"

போக மாட்டேங்கிறான்

அப்புறம் ஒவ்வொரு படத்தையும் ஒரு வருஷம் பார்க்கிறவங்க போன்லயே வச்சிக்கச் சொல்லி செர்வர்ல எழுதினேன். நெட் மெதுவா இருக்கிற சுங்கை பெசார்லகூட பக்கம் பட்டுன்னு திறந்துச்சு. எனக்கு ஒரே பெருமை!

அப்பதான் அக்காகிட்ட என் நம்பர வாங்கி, தர்ஷினின்னு ஒரு பொண்ணு கூப்பிட்டா. அக்கா வெப்சைட்டோட முதல் பக்கத்துல இருந்தது, மாப்பிள்ளையோட அவ நிக்கிற நிச்சயதார்த்தப் படம். அந்தக் கல்யாணம் முறிஞ்சு போச்சு. ஞாயித்துக்கிழமை கோலா குபு பாருலேருந்து புது மாப்பிள்ளை வீட்டார் பேச வர்றாங்க. அவ அம்மா தன் போன்ல இந்தப் பக்கத்தத் திறந்துதான் அவங்களுக்கு மணவறை காட்டப் போறாங்களாம். பாவம், அழுதுட்டா. உடனே அதே பேர்ல வெறும் பூ அலங்காரப் படத்த மாத்திப் போட்டேன். "அண்ணா, அம்மா போன்ல அவன் இன்னும் நிக்கிறான்"னா.

பேர் ஒன்னாவே இருந்ததால போன் தன்கிட்ட இருந்த பழசையே காட்டிக்கிட்டு இருந்திருக்கு. படம் மாறினா பேரும் தானா மாறுற மாதிரி ஜாங்கோவுல வச்சு, மறுபடியும் ஏத்தினேன். "இப்பத் திறந்து பாரும்மா"ன்னேன். திறந்து பார்த்துட்டுச் சிரிச்சா:

"அண்ணா, போயிட்டான்! பூ மட்டும்தான் இருக்கு!"

பெரிய கம்பெனியில இருக்கிற என் கூட்டாளிங்க என்னென்னமோ சாதிச்சிருப்பாங்க, ஆனா ஒரு மாப்பிள்ளைய அம்மா போன்லேருந்து துரத்திவிட்டவன் நான் ஒருத்தன்தான்.