புளோரிடாவுக்கா, அரிசோனாவுக்கா

போன குளிர்காலம் என் மனைவி பஸ் தரிப்பிடத்துக்கு முன்னால் ஐஸில் சறுக்கி விழுந்தாள். முழங்காலில் அடி; எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஏப்ரல் வரை அவள் வாசலைத் தாண்டவில்லை. கனடாவில், வெக்ஸ்போர்ட்டில் எங்கள் அடுக்குமாடியின் ஏழாவது மாடி ஜன்னலடியில் நின்று, கீழே யார் யார் விழாமல் நடக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த வருடம் செப்டெம்பரில் ஒரு நாள் தேத்தண்ணியை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, இந்த வின்ரருக்கு நான் எப்பிடியெண்டாலும் வெளிக்கிட வேணும். இன்னொருக்கா உப்பிடி அடைஞ்சு கிடக்கேலாது."

எனக்கு அவ்வளவு போதும். மற்றவர்களின் விண்ணப்பப் படிவங்களில் எந்தப் பெட்டி நிரப்பப்படவில்லை என்று கண்டுபிடிக்கும் அரசாங்க வேலையில் இருந்து ஓய்வுபெற்றவன் நான். கோரிக்கை வந்தால் கோப்புத் திறக்க வேண்டும். எங்கள் ஆட்களில் கொஞ்சம் வசதி கண்டவர்கள் குளிருக்கு அமெரிக்காவுக்கு வெளிக்கிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஆகவே கோப்பின் தலைப்பு தானாகவே அமைந்தது: புளோரிடாவா, அரிசோனாவா?

புளோரிடாவுக்காக வாதாட பக்கத்து நகரமான அஜக்ஸில் இருந்து ஒரு நண்பர் கிடைத்தார். இரண்டு குளிர்காலம் அங்கே இருந்துவிட்டு வந்தவர். அதனால் அந்த மாநிலத்தைத் தானே கண்டுபிடித்ததாக நினைப்பவர்.

"அண்ணை, அங்க ஸ்ரேற் ரக்ஸே இல்லை!" என்றார் போனில்.

அங்கே எனக்குச் சம்பளமும் இல்லை, அவருக்கும் இல்லை, இல்லாத வருமானத்துக்கு வரி இல்லாமல் இருப்பது பெரிய சலுகைதான் என்றேன். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு வீட்டு வாடகையைச் சொன்னார். வாடகை அமெரிக்க டொலரில் இருந்தது. மலிவு என்ற அவருடைய சந்தோஷம் மட்டும் கனேடிய டொலரில் இருந்தது.

அரிசோனாவின் வக்கீல் என் மனைவியின் தம்பி. மார்க்கம் நகரில் இருக்கிறான். அரிசோனாவை விமான ஜன்னலால் மட்டும் பார்த்திருக்கிறான். ஆகவே அவனுக்குச் சந்தேகம் என்பதே கிடையாது.

"அத்தான், புளோரிடாவில புயல். அரிசோனா காய்ஞ்ச இடம். அக்காவின்ரை முழங்காலுக்கு அதுதான் சரி."

நான் அட்டவணை போட்டேன். வாடகை, மரக்கறி, மீன், காப்புறுதி, கார் இல்லாமல் வாழ முடியுமா, டொக்டர் எவ்வளவு தூரம். எங்கள் காரை நானே கணக்குப் பார்த்து, பஸ்தான் மலிவு என்று விற்றுவிட்டவன் என்பதால், அந்த வரியில் இரண்டு மாநிலங்களும் தோற்றன. புளோரிடாவில் ஈரப்பதன், முதலை. அரிசோனாவில் தூசி, தேள். எல்லையில் எத்தனை நாள் விடுவார்கள், எத்தனை நாளுக்கு மேல் போனால் இங்கே இலவச வைத்தியத்துக்கான ஹெல்த் காட்டுக்குச் சிக்கல், பயணக் காப்புறுதிக்காரன் எந்தப் பழைய நோயைச் சாட்டாக வைத்துக் காசு தர மறுப்பான் என்பதெல்லாம் தனித்தாள். மனைவி விழுந்த கதையை எந்தப் பெட்டியில் எழுதுவது என்பதற்கு மட்டும் அரைநாள் யோசித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு வக்கீல்களும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மனைவி றோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தாள். நான் தாள்களை மேசையில் பரப்பி, வாழ்க்கைத் தரத்தில் அரிசோனாவும் செலவுக் குறைவில் புளோரிடாவும் முன்னணியில் நிற்பதாக அறிவித்தேன்.

"அங்க தைமாதம் எழுபது டிகிரி, அண்ணை!" என்றார் நண்பர்.

குசினிக்குள் இருந்து குரல் வந்தது. "எழுபதோ? அவிஞ்செல்லோ போவம்!"

"அது பரனைற், அக்கா, எங்கட கணக்கில இருபத்தொண்டு," என்றான் தம்பி. "உங்களுக்காகத்தானே இவ்வளவும். நீங்களே சொல்லுங்கோ, எந்த ஸ்ரேற்?"

அவள் கரண்டியோடு வந்து நின்றாள்.

"ஆர் அமெரிக்காவுக்குப் போறது?"

"நீர்தானே வெளிக்கிட வேணுமெண்டு சொன்னனீர்," என்றேன்.

"ஓம், சொன்னனான். கோட்டைப் போட்டு, சப்பாத்தைக் கொழுவி, கீழ இறங்கிப் போறதுக்குப் பேர் வெளிக்கிடுறது. நாட்டை விட்டுப் போறதெண்டா சொன்னன்?"

தம்பி சிரிக்கத் தொடங்கி, அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

விஷயம் இதுதான். செவ்வாய்க்கிழமைகளில் பக்கத்து மண்டபத்தில் எங்கள் பெண்கள் கூடி முன்னூற்றிநாலு விளையாடுவார்கள். என் மனைவி அந்தச் சீட்டாட்டத்தில் இரக்கமில்லாதவள். போன குளிர்காலம் முழுவதும் அவள் போகாததால் அவளுடைய கதிரையில் வேறொருத்தி இருந்துவிட்டாள். கோடையில் திரும்பப் போய்ப் பிடித்த இடம். இன்னொரு குளிர்காலமும் போகாவிட்டால் அது நிரந்தரமாகப் போய்விடும்.

"அரிசோனாவில ஆர் என்னோடை முன்னூற்றிநாலு விளையாடுறது? தேளோ?"

"வழுக்குமெண்டு பயந்துதான் நீர் போகேல்லை எண்டு நினைச்சன்."

"பயம்தான். அதுக்குத்தானே பிடிச்சு நடக்க ஒரு ஆள் வேணும். நீங்கள் லைப்ரரிக்கு ஒவ்வொருநாளும் போய் வந்தனீங்கள். வாரும், கூட்டிக்கொண்டு போறன் எண்டு ஒருநாள் கேட்டனீங்களோ?"

நான் தாள்களை அடுக்கிக் கோப்பை மூடினேன். நண்பர் றோல்ஸ் நல்லாயிருக்கு என்றார்.

முதல் பனி திங்கள் இரவு கொட்டியது. செவ்வாய் நாங்கள் வெளிக்கிட்டோம். என் முழங்கையை அவள் பிடித்த பிடியில் இரத்த அழுத்தம் பார்த்திருக்கலாம். ஆறு நிமிட நடைக்கு இருபத்தைந்து நிமிடம். பஸ் தரிப்பிடத்தடியில் நின்று, உப்புப் போட்டிருக்கிறதா என்று காலால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைத்தாள்.

மண்டபத்தில் அவளுடைய கதிரையில் அந்த மற்றப் பெண் ஏற்கெனவே இருந்தார்.

"இந்தப் பனிக்குள்ள வந்திட்டீங்களோ அக்கா? நீங்கள் வரமாட்டீங்களெண்டு நினைச்சன். இந்த ஆட்டத்தை முடிச்சிட்டு எழும்புறன்."

"ஆறுதலா விளையாடுங்கோ," என்று என் மனைவி கோட்டைக் கழற்றாமல் அவருக்குப் பின்னால் போய் நின்றாள். அவர் ஒரு சீட்டைத் தொட்டார். இவள் நாக்கால் "ச்" என்றாள். அவர் வேறொன்றைத் தொட்டார். மறுபடியும் "ச்." மூன்றாவது "ச்"சுக்குப் பிறகு அவர் துரும்புச் சீட்டை வீணாக இறக்கி, ஆட்டத்தைத் தோற்று, கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

மனைவி அந்தக் கதிரையில் இருந்தாள். சீட்டுக் கட்டைக் குலுக்கிக்கொண்டே, என்னைத் திரும்பிப் பார்க்காமல், "மூண்டு மணிக்கு வாங்கோ" என்றாள்.

மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கப் போனேன். நாலரை வரை கதவடியில் அவளுடைய கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.