மூன்று முறை அழைத்தும்

குடும்ப நீதிமன்றத்தில் வழக்குக்காரர்களின் பெயரைக் கூப்பிடுவதுதான் அவர் வேலை. இருபத்தாறு வருடமாக அதே கதவு, அதே வராந்தா. அவர் வாயைத் திறந்தால் கீழ்த்தளத்தில் டீ குடிக்கிறவன் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு மாடிக்கு ஓடிவருவான். அப்படி ஒரு வெண்கலக் குரல். நாளடைவில் வெண்கலம் என்பதே பெயராக ஒட்டிக்கொண்டது. சம்பளப் பட்டியல் எழுதுகிறவரைத் தவிர அங்கே யாருக்கும் அவருடைய சொந்தப் பெயர் தெரியாது. அதில் அவருக்கு ஒரு பெருமையும் உண்டு.

வக்கீலிடம் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் அவரைத்தான் சுற்றி வருவார்கள். அவரும் பஸ் நேரம் சொல்வது மாதிரி சொல்லுவார்: "ரெண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு வந்தா சில மாசத்துல முடிஞ்சிரும். ஒருத்தர் கேட்டு, இன்னொருத்தர் முடியாதுன்னு நின்னா சாட்சி, குறுக்கு விசாரணை, வாய்தா. தலை நரைச்சிரும். மூணு தடவை கூப்பிட்டும் எதிராளி வரலைன்னு வையி, வந்தவங்க சொல்றதை மட்டும் கேட்டுத் தீர்ப்பாயிரும்."

இதில் அவருக்குப் பிடித்தது இரண்டாவது வகை. நான்கு சுவருக்குள் நடந்ததெல்லாம் சந்தி சிரிக்கும். கதவருகே நின்று ஒன்று விடாமல் கேட்பார். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக்கொண்டே மனைவியிடம் சொல்லிச் சிரிப்பார். அவள் நின்றபடி கேட்டுக்கொண்டிருப்பாள். சிரித்தாளா என்று அவர் ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

அலுவலகத்திலிருந்து அவர் வீட்டுக்குக் கொண்டுபோன பழக்கம் ஒன்றே ஒன்று. மனைவியையும் மூன்று முறைதான் கூப்பிடுவார். முதல் தடவை சாதாரணமாக. இரண்டாவதில் குரல் ஏறும். மூன்றாவது முடிவதற்குள் அவள் எதிரே வந்து நிற்காவிட்டால் கையில் இருப்பது பறக்கும். ஒருநாள் டம்ளர் பறந்தது. ஒருநாள் இரும்புப் பூட்டு. பூட்டு பட்ட இடத்தில், புருவத்துக்கு மேலே, இன்னும் தழும்பு இருக்கிறது. அலமாரிக் கதவு இடித்துவிட்டது என்று அக்கம்பக்கத்தில் அவளே சொல்லிச் சமாளித்தாள். ஒரு ஆள் இத்தனை வருடம் அடுத்தவர் வழக்கைக் கேட்டும் தன் வீட்டில் நடப்பது என்னவென்று தெரியாமல் இருந்தார் என்றால் அதை நான் நம்பமாட்டேன். தெரியும். கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

போன வருடம் மகள் வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. அவளுக்குப் பதில் மகள் கையில் ஒரு மனு வந்தது. இருவரும் சேர்ந்து பிரிவதாக எழுதி, மனைவி கையெழுத்துப் போட்டிருந்தாள். அவர் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. மகளின் கண்முன்னாலேயே அதை நாலாகக் கிழித்துப் போட்டார். இரண்டு மாதம் கழித்து நீதிமன்றத்திலிருந்தே சம்மன் வந்தது. ஏழாவது பத்தியில் அந்த மூன்று கூப்பாடும் பூட்டும் இருந்தன. சாட்சிப் பட்டியலில் ஒரே ஒரு பெயர், மகளுடையது.

இழுத்தடிப்பது எப்படி என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. எந்த வாய்தாவுக்குக் காய்ச்சல் வர வேண்டும், எப்போது வக்கீலை மாற்ற வேண்டும், சாட்சியை எத்தனை தடவை வரவழைத்துத் திருப்பி அனுப்பலாம் என்பதெல்லாம் அத்துப்படி. ஐந்து வருடம் தாங்குவாளா? அதற்குள் அவளே காலில் விழுந்து வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டார்.

வழக்குக்கு நான்கு நாள் முன்பு மகள் வராந்தாக் குழாயடியில் வந்து நின்றாள்.

"அப்பா, நீங்க எதிர்த்தா நான் கூண்டுல ஏறணும். பூட்டு விழுந்தப்போ நான் கட்டிலுக்கு அடியில இருந்தேன். அதையும் சொல்லணும். அம்மாவை விட்ருங்கப்பா."

"ஏறு," என்றார் அவர், தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு. "எத்தனை வருஷம் ஏறுறேன்னு நானும் பாக்குறேன்."

வழக்கு நாளன்று காலையில் சட்டைக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்து மாட்டிக்கொண்டு வந்தார். பட்டியலில் பதினோராவது வழக்கு. நீதிபதியம்மா மாற்றலாகி வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. குமாஸ்தாவுக்கோ அவர் வெறும் வெண்கலம். பட்டியலில் இருந்த அவருடைய சொந்தப் பெயரில் மாதம் மூன்று பேராவது வந்து போவதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அவரும் மூச்சு விடவில்லை. மூன்றாவது கூப்பாட்டை முடித்துவிட்டு, வராந்தா முழுக்கக் கேட்க "நான்தான்" என்று திரும்ப வேண்டும். அப்போது அவள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். அந்த ஒன்றுக்காகத்தான் வக்கீல்கூட வைக்காமல் காத்திருந்தார்.

பத்தாவது வழக்கு சேர்ந்து வந்த ஜோடி. ஒரே பேனாவை மாற்றி மாற்றி வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, தனித்தனியாகப் படி இறங்கிப் போனார்கள்.

"மனுதாரர் வெளியே இருக்காங்களாம். எதிராளியைக் கூப்பிடுங்க," என்றார் குமாஸ்தா.

கதவைத் திறந்தார். கடைசி பெஞ்சில், ஜன்னலோரம், அவளும் மகளும். தன் பெயரைத் தானே ஓங்கிக் கூப்பிட்டார். வராந்தா அதிர்ந்தது.

அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

கூப்பிட்டது அவள் பெயரை அல்ல. ஆனாலும் எழுந்துவிட்டாள். மடியிலிருந்த பை கீழே விழுந்தது. ஒரு கை தானாகப் போய்ப் புருவத்தை மூடிக்கொண்டது. மகள் முந்தானையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை.

இரண்டாவது தடவை கூப்பிட்டார். பழக்க தோஷம், குரல் ஏறியது. அவள் பெஞ்சை விட்டு நகர்ந்து அவரை நோக்கி வேகவேகமாக வந்தாள். கதவுக்கு நாலடி தூரத்தில்தான் கால் நின்றது. உதடு மட்டும் "ரெண்டு" என்று அசைந்தது. அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். இத்தனை வருடமும் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவே அவள் இப்படித்தான் எண்ணிக்கொண்டு ஓடிவந்திருக்கிறாள். அதை அவர் அன்றுதான் பார்த்தார். தன் குரலுக்கே அவருக்குப் பயம் வந்தது.

மூன்றாவது முறை அவர் கூப்பிட்டது முதல் பெஞ்சில் இருந்தவனுக்குக்கூடக் கேட்டிருக்காது.

உள்ளே போனார்.

"என்னாச்சு?" என்றார் நீதிபதியம்மா.

"மூணு தடவை கூப்பிட்டாச்சுங்கம்மா. ஆள் வரலை."

குமாஸ்தா எழுதிக்கொண்டார். மனுதாரர் தரப்பைக் கேட்டுவிடலாம், அவரைக் கூப்பிடுங்கள் என்று உத்தரவாயிற்று.

மறுபடி கதவுக்கு வந்தார். அவள் அதே இடத்தில், கை புருவத்தில் இருக்க, நின்றிருந்தாள். அவர் வாயைத் திறக்கவில்லை. கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, அவள் உள்ளே போகட்டும் என்று சுவரோடு ஒண்டி நின்றார்.