மூன்றாம் மாடிக் கப்பி

என் கணவர் வெள்ளவத்தையில் முப்பது வருடத்துக்கு மேல் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் ரியூஷன் கொடுத்தவர். கப்பி என்றால் அவருக்கு உயிர். இலேசான ஒப்பமான கப்பி, அதன் மேல் நீட்டமுடியாத இலேசான இழை, இரண்டு பக்கமும் இரண்டு திணிவு. அந்தக் கணக்கைச் செய்து எத்தனை பிள்ளைகள் எஞ்சினியர் ஆனார்களோ தெரியாது. எங்கள் வீட்டில் மட்டும் ஒரு கப்பி இருந்ததில்லை. இழுக்கிற வேலை என்னுடையது.

நாங்கள் இருப்பது காலி வீதியிலிருந்து இறங்கும் ஒரு ஒழுங்கையில், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடி. மீன்காரரோ மரக்கறி வண்டியோ வந்து கூப்பிட்டால் பல்கனியிலிருந்து கயிற்றில் கூடை இறங்கும். காசு கீழே போகும், சாமான் மேலே வரும். கட்டடத்தில் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். இவருக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டதால் படி இறங்குவதில்லை. "எனக்கு வெளியில என்ன அலுவல்?" என்பார். நான் வெறுங்கையோடு என்றால் ஏறி இறங்குவேன். பாரம் எல்லாம் கூடையில்தான்.

பிறகு என் வலது தோள் இறுகிக்கொண்டது. தலை வாரக்கூடக் கை உயரவில்லை. பாரம் இழுக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேள்விப்பட்டதும் கனடாவில் இருக்கும் மகன் வீடியோவில் வந்தான்.

"அம்மா, வீட்டை விப்பம். லிஃப்ட் இருக்கிற இடமா எடுத்துத் தாறன்."

"தோள் நோகுதெண்டு ஆராவது வீட்டை விப்பினமோ?"

"பிள்ளையளின்ர லீவுக்கு நான் வருவன்தானே. வந்து முடிவெடுப்பம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இவர் தொண்டை கிழியக் கத்திக் கத்தி வாங்கின வீடு இது. குசினியில் எது எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இந்த வயதில் புது வீட்டுக்குப் போய் உப்புப் போத்தலைத் தேடவா? மகன் வருவதற்குள் கூடைக்கு ஒரு வழி பண்ணாவிட்டால் வீடு போய்விடும் என்று இவரிடம் சொன்னேன்.

"அதுக்கென்ன, ஒரு கப்பி போடுவம்," என்றார், ஏதோ அன்றைக்குத்தான் கண்டுபிடித்தவர் போல.

வெல்டிங் கடைக்காரர் வந்து பல்கனியின் மேல் கம்பியில் ஒரு கப்பியை மாட்டிவிட்டுப் போனார். கூடையில் தேங்காய்கள். "இப்ப இழும் பாப்பம்," என்றார் இவர். இழுத்தேன். முன்பு குனிந்து மேலே தூக்கியதை இப்போது நிமிர்ந்து நின்று கீழே இழுக்கலாம், அது ஒரு சுகம்தான். ஆனால் தேங்காயின் பாரம் துளிகூடக் குறையவில்லை. தோள் சுள்ளென்றது.

"பாரம் குறையேல்லையே?"

"குறையாது. நிலைத்த கப்பி விசையின்ர திசையை மட்டும்தான் மாத்தும்."

"தெரிஞ்சுகொண்டே ஏன் போட்டனீங்கள்?"

"முதல் பாடம் அதுதானே," என்றார்.

ஐயோ கடவுளே! இந்த மனிசன் வீட்டு வேலையையும் பாடத்திட்ட ஒழுங்கில்தான் செய்கிறார்.

இரண்டாம் பாடம் அசையும் கப்பி. கயிற்றின் ஒரு நுனியை மேல் கம்பியில் கட்டிவிடுவது. கயிறு கீழே போய், கூடையில் பொருத்திய இன்னொரு கப்பிக்குள்ளால் திரும்பி மேலே வரும். பாரத்தில் பாதியைக் கம்பி பிடித்துக்கொள்ளும், மற்றப் பாதிதான் எனக்கு. ஆனால் கூடை ஒரு அடி ஏறுவதற்கு நான் இரண்டு அடி கயிறு இழுக்கவேண்டும். இதையெல்லாம் கதிரையில் இருந்தபடி அழகாக விளங்கப்படுத்தினார். கயிற்றின் நீளத்தையும் அவரே கணக்குப் பார்த்துச் சொன்னார். நான் போய் வாங்கி வந்தேன்.

அடுத்த நாள் காலை மீன்காரர் கூப்பிட்டார். கூடையை விட்டேன். அது முதலாம் மாடிக்கு நேரே போய் நின்றுவிட்டது. கயிறு முடிந்துவிட்டது. மீன்காரர் கையில் பாரைத் துண்டோடு அண்ணாந்து பார்த்துச் சிங்களத்தில் கத்தினார்.

"நோனா, தவ டிக்கக் பஹலட்ட!"

இன்னும் கொஞ்சம் கீழே விடட்டாம். விட என்னிடம் கயிறு எங்கே இருக்கிறது? சத்தம் கேட்டு முதலாம் மாடியில் இருக்கும் முஸ்லிம் பெண் பல்கனிக்கு வந்தார்.

"அன்ட்டி, ஒங்கட கூடை எங்கட பல்கனில தொங்கிட்டு ஈக்கிது. மீன வாங்கிப் போடவா?"

மீன்காரர் படியேறிப் போய் அவரிடம் கொடுத்தார். அவர் கூடையில் வைத்தார். நான் இழுத்தேன். பாரம் உண்மையிலேயே பாதிதான். ஆனால் சந்தோஷப்படுகிற நிலையில் நான் இல்லை.

"ரெண்டு மடங்கு கயிறு வேணுமெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"ஓம்."

"அப்ப ஏன் மாடியின்ர உயரத்துக்கு மட்டும் வாங்கச் சொன்னனீங்கள்?"

"கணக்கில கயிறு எப்பவும் காணும், முடியிறேல்ல," என்றார்.

பிறகு நீளக் கயிறு வாங்கினோம். மகன் வந்து இறங்கியபோது எனக்குக் கை நன்றாகப் பழகியிருந்தது. அவனைப் பல்கனியில் கதிரை போட்டு இருத்தி, அரிசியும் தேங்காயும் பூசணித் துண்டுமாக ஒரு கூடையை இடக்கையால் மட்டும் இழுத்து ஏற்றிக் காட்டினேன். தானும் ஒருக்கா இழுத்துப் பார்த்தான்.

"சரியம்மா. வீட்டைப் பற்றி இனி நான் கதைக்கேல்ல."

எனக்கு வந்த சந்தோஷத்தில் மத்தியானம் நண்டுக்கறி வைத்தேன்.

பின்னேரம் மகன் சேர்ட்டை மாட்டிக்கொண்டு, "அப்பா, கடற்கரைப் பக்கம் ஒருக்கா போவமா?" என்று கேட்டுவிட்டான். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது.

இவர் எழும்பி உள்ளே போனார். நீளக் காற்சட்டை போட்டு, அயன் பண்ணின சேர்ட் போட்டு, தலை வாரிக்கொண்டு வந்தார். மகனின் தோளைப் பிடித்தபடி வாசலைத் தாண்டினார். நாலைந்து படி இறங்கியிருப்பார். நின்றார். கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மிச்சப் படிகளைப் பார்த்தார்.

"இண்டைக்குக் காத்துக் காணாது. நீ போயிட்டு வா," என்று மகனை அனுப்பிவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துத் திரும்பி ஏறினார். மகன் வரும்வரை அந்தச் சேர்ட்டோடேயே பல்கனியில் இருந்தார். மாற்றுங்கோ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இவர் கடைசியாக எப்போது தெருவில் நின்றார் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகமில்லை.

மகன் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சொன்னேன்.

"வீட்டை விப்பம்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஏன்? கப்பி நல்லாத்தானே வேலை செய்யுது?" என்றார் இவர்.

"ஓம், செய்யுது. மீன் மேல வருது, அரிசி மேல வருது. நீங்கள் கீழ போறேல்லையே."

அவர் மகன் பக்கம் திரும்பினார்.

"லிஃப்டும் கப்பிதான், தெரியுமோ? மேல ஒரு சில்லு. ஒரு பக்கம் பெட்டி, மற்றப் பக்கம் எதிர்ப்பாரம்..."

வகுப்பைப் பாதியில் நிறுத்தினார்.

"கடலுக்குக் கிட்டவாப் பார்," என்றார்.