என் பங்குப் பொங்கல்

ஐந்தாம் வகுப்பில் என் எடையை வகுப்பே கேட்கும்படி ஒரு நர்ஸம்மா உரக்கப் படித்தார். நாற்பத்தாறு. மூன்று மாதம் கழித்து மறுபடி வருவோம், அப்பாவோ அம்மாவோ கூட இருக்க வேண்டும், சோற்றைக் குறைத்துக் கேழ்வரகும் பயறும் கொடுங்கள், நன்றாக நடக்க வையுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். இன்னொரு முறை அப்படிப் படித்துவிட்டால் பள்ளிக்கூடமே போவதில்லை என்று தீர்மானித்திருந்தேன்.

அப்பாவுக்குக் கீழ்பென்னாத்தூர் பக்கம் நிலம். பொன்னி நெல்லைத் தவிர எதையும் பயிராக மதிக்காதவர், எனக்காக ஒரு மூலையில் கேழ்வரகு விதைத்தார். அது விளையும்வரை கடையில் வாங்கினார். நடைக்கு அவர் கண்டுபிடித்த வழி கிரிவலம். பௌர்ணமிதோறும் மலையைச் சுற்றினால் உடம்பும் இளைக்கும், புண்ணியமும் சேரும் என்றார்.

பௌர்ணமியன்று அந்தப் பாதையில் பத்தடிக்கு ஓர் அன்னதானம் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை. சர்க்கரைப் பொங்கல், புளிச்சோறு, கேசரி. நாம் கையை நீட்டாவிட்டாலும் தொன்னையைத் திணித்துவிடுவார்கள். வேண்டாம் என்பது அபசாரம். கீழே போடுவது, நெல் விளைவிக்கிறவருக்கு, அதைவிடப் பெரிய பாவம்.

"வாங்கிக்கோம்மா, துன்னாத. எங்கிட்ட குடு," என்றார் அப்பா.

நான் வாங்க வாங்க அவர் சாப்பிட்டார். வீட்டிலும் என் தட்டில் குறைத்த சோறு அவர் தட்டுக்குத்தான் போனது. என்னைப் பட்டினி போட்டுவிட்டு இவர் விருந்து சாப்பிடுகிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. தின்னிப் பண்டாரம் என்று மனசுக்குள் திட்டினேன்.

மூன்றாம் பௌர்ணமியில், அடி அண்ணாமலையில் அவர் தண்ணீர் குடிக்கத் திரும்பிய நேரம், ஒரு தொன்னைப் பொங்கலை அப்படியே விழுங்கிவிட்டேன். மறுவாரம் எடை. என் விரலில் இருந்த நெய்யை அவர் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"பரவால்ல. இன்னும் கொஞ்சம் வேகமா நடந்துடலாம்," என்றார். ஆனால் அவருக்குத்தான் மூச்சு வாங்கியது.

எடை போடும் நாளில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினேன். நர்ஸம்மா மறுபடியும் உரக்கத்தான் படித்தார். நாற்பத்திரண்டு. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்தச் சந்தோஷத்தில் நர்ஸம்மா, சுவரோரம் நின்ற அப்பாவையும் ஏறச் சொன்னார்.

"நமக்கு எதுக்குங்க அதெல்லாம்," என்று பின்வாங்கிய அப்பா, வயிற்றின் மேல் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். அவருக்குச் சர்க்கரை ஜாஸ்தி என்று டாக்டர் சொல்லி அப்போதே அரை வருஷம் ஆகியிருந்தது. அம்மாவுக்குக்கூட அவர் சொல்லவில்லை; எங்களுக்குத் தெரிந்தது வெகுநாள் கழித்துத்தான். நெற்றி வியர்க்க அவர் நின்றதைப் பார்த்து வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே அவர் கையைப் பிடித்து இழுத்தேன், அப்பாக்களுக்கும் பயம் இருக்கும் என்று தெரியாமல்.