வட்டக் கிணற்று நீச்சல்

வெள்ளைக்காரன் போன மறு வருடம், சிலோன் பெண்களோடு எங்களுக்குத் தொடர் நீச்சல் பந்தயம். மூன்று பேர், மூன்று விதம். அக்கா மல்லாந்து நீந்தி வந்து என் காலடிச் சுவரைத் தொட்டால்தான் நான் குதிக்கலாம்.

"தோத்தா இத்தோட போதும், தையில கல்யாணம்" என்று மயிலாப்பூரில் வண்டி ஏறும்போதே அப்பா அவளிடம் சொல்லிவிட்டார்.

அக்காதான் முந்தினாள். என்ன வேகம், என்ன வெறி! ஆனால் நீச்சல் குளத்தில் ஆண்கள்தான் பழகலாம். நாங்கள் பழகியது வீட்டு வட்டக் கிணற்றில், சுவரோரமாகச் சுற்றிச் சுற்றி. வானத்தைப் பார்த்தபடி வந்தவளின் உடம்பு தானாக வளையத் தொடங்கியது. தடுக்கப் பக்கத்தில் கயிறுகூட இல்லை.

"நேரா வாக்கா, நேரா!"

காதெல்லாம் தண்ணீர் அவளுக்கு.

"இன்னாம்மா, கெணத்த சுத்திக்கினு கீறியா?" என்று கூட்டத்தில் ஒருவன் கத்த, எல்லாரும் சிரித்தார்கள்.

பக்கத்துச் சிலோன்காரி குதித்துவிட்டாள். என் கால்விரல்கள் விளிம்பைக் கவ்விக்கொண்டு நின்றன. அக்கா பக்கவாட்டுச் சுவரைத் தொட்டாள். முடித்துவிட்டோம் என்று எழுந்து, கண்ணில் வழிந்த நீரைத் துடைத்து, சிரித்தபடி என்னைத் தண்ணீரில் தேடினாள். நான் கரையில் நின்றேன். எங்கள் அணியை விலக்கி நடுவர் விசில் ஊதினார்.

பிறகு அவள் என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தாள். அவர் எங்கள் துண்டுகளைப் பைக்குள் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.