வெளியே பூட்டிய வீட்டில் அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டாகிறது. சனிக்கிழமைதோறும் அவருடைய துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேரு என்ற ஊருக்கு என் மகள் கிளம்புகிறாள்.  அனுப்புவதா, தடுப்பதா என்று இன்னும் முடிவு செய்ய முடியவில்லை.

அக்கா பிறந்தது லால்குடியில். அத்தானுக்குப் பிரிக்பீல்ட்ஸ் துணிக்கடையொன்றில் வேலை கிடைக்க, இருவரும் கோலாலம்பூர் வந்தார்கள். பிறகு என்னையும் இங்கேயே மணம் முடித்துக் கொடுத்தார்கள். அக்காவுக்குப் பிள்ளைப்பேறு இல்லை. அத்தானும் திடீரென்று போய்விட, அக்கா ரவிக்கை தைத்துப் பிழைத்தார். சாமி விளக்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டார். "கேட்டப்ப காது கேக்காதவருக்கு எண்ணெய் எதுக்கு?" என்பார்.

ரவிக்கை தைக்க வந்த ஓர் அம்மாள்தான் அவரை மேருவுக்கு அழைத்துப்போனார். இங்கே தங்குவதற்கான பெர்மிட் முடிந்து, ஊருக்கும் திரும்ப முடியாமல் வாழும் குடும்பங்களுக்கு அரிசி, மருந்து கொண்டுபோகும் வேலை. அவற்றில் ஒன்று யாழ்ப்பாணத்துக் குடும்பம். கடைவீட்டு மாடியில் ஓர் அறை. கணவர் தொழிற்சாலைக்குப் போகும்போது கிரில் கதவை வெளியே பூட்டிவிடுவார். குடிநுழைவுத் துறையிலிருந்து சோதனைக்கு வருகிறவர்கள் ஆளில்லை என்று திரும்ப வேண்டுமே! மனைவியும் குழந்தையும் மாலைவரை ஓசையில்லாமல் உள்ளே இருப்பார்கள்.

ஒருநாள் காலை அக்கா பின்னறையில் காய்ச்சல் குழந்தைக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தார். கீழே தொழிற்சாலை லோரி ஹார்ன் அடித்தது. அந்த மனிதர் வழக்கம்போல் பூட்டிவிட்டு ஓடிவிட்டார்.

அக்கா போன் செய்ததும் பதறிக்கொண்டு அங்கே ஓடினேன். தொழிற்சாலைக்குள் அந்த மனிதரிடம் போன் இருக்காதாம். கம்பிக்கு அந்தப் பக்கம் அக்கா சிரித்துக்கொண்டு நின்றார்.

"உங்க அத்தான்கூட என்னை இப்படிப் பூட்டி வச்சதில்லடி."

"சிரிக்காதீங்கக்கா. கீழ ஹார்டுவேர் கடை இருக்கு. கட்டர் வாங்கிட்டு வரேன்."

"உடைச்சா தெருவே மேல ஏறி வரும். அப்புறம் இவங்க எங்க போவாங்க? பேசாம உக்காரு."

படியில் உட்கார்ந்தேன். காலடிச் சத்தம் கேட்டபோதெல்லாம் உள்ளே பேச்சு நின்றது. ஹார்டுவேர் கடைக்காரர் ஒருமுறை ஏறி வந்தார். "ஆன்டி, மேல யாரும் இல்ல லா. பூட்டியிருக்கு பாருங்க." மூச்சு வாங்குகிறது, சற்று உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். 

மதியம் அந்தப் பெண் புட்டு அவித்தாள். காலண்டர் படத்து முருகனுக்கு முன் வைத்துக் கும்பிட்டு, முதல் தட்டை அக்காவிடம் நீட்டினாள். "எனக்கு வேணாம்மா, உங்களுக்கே பத்தாது" என்றார் அக்கா.

"நெடுக நீங்கதானே தாறீங்கள். இண்டைக்காவது வாங்குங்கோ அக்கா."

அக்கா வாங்கிக்கொண்டார். பாதியை வாழையிலைத் துண்டில் மடித்துக் கம்பிவழியே எனக்குக் கொடுத்தபோது அவர் கண்கள் நிறைந்திருந்தன.

இருட்டும் நேரத்தில் அந்தப் பெண்ணின் கணவர் வந்தார். "ஐயோ, கைப்பழக்கத்திலை பூட்டிப்போட்டன் அக்கா!" அன்று வீடு திரும்பியதும் அக்கா விளக்கை நிமிர்த்தி எண்ணெய் ஊற்றினார். காரணம் கேட்டேன். "அந்தத் தட்டுக்கு நன்றி சொல்லணும் போல இருந்துச்சு" என்றார். 

பக்கவாதத்தில் விழுந்து, வாய் குழறிய கடைசி நாட்களிலும் "மேருவுக்கு அரிசி போச்சா?" என்றே கேட்டார். "நான் போறேன் பெரியம்மா" என்று சொன்னவள் என் மகள். நான் அவளிடம் சண்டை போட்டேன். "அரிசிதானேம்மா கொண்டு போறேன், பாம் இல்ல லா" என்றாள்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட தாதியர்க்கும், ஈமக்காரியங்களில் தோள்கொடுத்த உறவினர்க்கும் அயலாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. காரியத்துக்கு வர முடியாத அந்தக் குடும்பத்துக்கும் நன்றி. அவர்கள் வீடு மாறிவிட்டார்கள். பெயரையும் புது இடத்தையும் இங்கே எழுத முடியாது. அக்காவின் இந்த நினைவு மலரின் முதல் பிரதி அவர்களுக்குத்தான். வரும் சனிக்கிழமை மகள் கொண்டுபோகிறாள். பயம் எனக்குப் போகவில்லை. ஆனாலும் கூடவே நானும் போகிறேன். அங்கேயும் கதவுக்கு வெளியே உட்கார ஒரு படி இருக்குமாம்.