ஈயச் சொம்பு போட்ட சத்தம்

பாப்பா, நேற்று நம் வீட்டில் அந்தச் சத்தம் மறுபடியும் கேட்டது. உன்னிடம் சொல்ல ஓடிவரத் தோன்றியது. எங்கே வருவேன்?

படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். பாப்பா என் தங்கை. நான் எட்டாவதோடு நின்று தறியில் உட்கார்ந்தவள். அவள் பாலிடெக்னிக்கில் உலோகங்களைப் பற்றிப் படித்தாள். போன மழைக்காலத்தில் டெங்குவில் போய்விட்டாள்.

அவள் ஆசைப்பட்டு வாங்கிய ஈயச் சொம்பில்தான் அம்மா ரசம் வைப்பாள். காரியம் முடிந்த பிறகு எதிர்வீட்டு அத்தை வந்து, "அது காரீயமா இருக்கப் போவுது. வெசம். நீதான தெனம் ஊத்திக் குடுத்த?" என்றாள். டாக்டர் சொன்னதெல்லாம் அம்மாவுக்கு மறந்துபோனது. "நாந்தாண்டி எம் பொண்ணக் கொன்னுட்டேன்" என்று தட்டைத் தள்ளிவிட்டாள். அதிலிருந்து சரியாகச் சாப்பிடவே இல்லை.

நேற்று தறியில் மிதியை அழுத்தும்போது சட்டென்று ஞாபகம் வந்தது. சொம்பு வாங்கிய அன்று பாப்பா ரசச் சொம்பு செய்கிற வெள்ளீயத்தில் ஒரு துண்டை என் காதருகே வைத்து வளைத்தாள். நறநறவென்று சத்தம் வந்தது.

"உடையுதாடி?"

"ஒடயலக்கா. உள்ள அணுவெல்லாம் உன் தறியில நீட்டிக் கட்டுன பாவு நூல் மாதிரி வரிசையா நிக்குது. வளைச்சா ஒரு கூட்டமே மொத்தமா எதிர்ப்பக்கம் திரும்பிடும். நீ மிதிச்சா பாதி இழை ஒண்ணா எழும்புதே, அப்படி. அதான் கத்துது."

"காரீயமும் கத்துமா?"

"அதுல அடுக்கு வேற. கமுக்கமா வழுக்கிகினு போயிடும். அது கலந்தாலே சத்தம் அடங்கிடும்."

தறியை அப்படியே விட்டு எழுந்தேன். சொம்பின் தடித்த விளிம்பில் ஒரு பட்டை வெட்டினேன். அத்தையின் வீட்டுக்காரர் ஏரியில் வலை போடுகிறவர். வலையில் கட்டும் குண்டு காரீயம். ஒன்று கேட்டு வாங்கினேன்.

"இன்னாடி, தறிய வுட்டுட்டு மீன் புடிக்கப் போறியா?" என்று அத்தையும் பின்னாலேயே வந்தாள்.

குண்டைச் சுத்தியால் தட்டித் தகடாக்கி அம்மாவின் காதருகே வளைத்தேன். பேசாமல் மடிந்தது. பிறகு சொம்பின் பட்டையை வளைத்தேன். நறநறவென்று கத்தியது, அன்று கேட்ட அதே பலத்தோடு. எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு சின்னப் பட்டைக்குள் எத்தனை வரிசைகள் நின்றுகொண்டிருக்கின்றன என்று நினைத்தால் எனக்கு இன்னமும் உடம்பு சிலிர்க்கிறது.

"இன்னொருவாட்டி வளைடி" என்றாள் அம்மா.

வளைத்தேன். அத்தையும் காதைக் கொடுத்தாள். "ஆமாண்டி, அப்பளம் நொறுங்கற மாதிரி கீது" என்றவள், "நான் வாய மூடிகினு இருந்திருக்கணும் அண்ணி" என்றாள்.

அம்மா பட்டையை வாங்கித் தானே வளைத்துப் பார்த்தாள்.

"அப்ப நான் குடுத்தது வெசம் இல்ல."

"இல்லம்மா. இது வெள்ளீயம்."

அதன் பிறகு அம்மா அழுதாள். தன்னைத் திட்டிக்கொள்ளாமல், பாப்பாவை மட்டும் நினைத்து அழுதது அதுதான் முதல் தடவை. மதியம் தானே தட்டை எடுத்து வந்து உட்கார்ந்தாள்.

எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி, எல்லோரும் எங்கள் பாப்பாவுக்காக ஒரு நிமிடம் வேண்டிக்கொள்ளுங்கள்.